எந்த மாமா? சட்டமும் கலைப் பாடங்களும்: வாசகர் கேள்வி பதில்

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததிலிருந்து நமக்கு வரும் கடிதங்களில் பாதி சட்டப் படிப்பு பற்றியவை. அதனால் இந்த முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டோம். பதில் சொல்பவர் தென்மாவட்ட நீதிமன்றங்களிலும் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையிலும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வழக்காடி வரும் வழக்கறிஞர்.

மேடம், நான் பிளஸ் டூவில் வரலாறு, பொருளியல் உள்ள குரூப். வக்கீல் ஆக வேண்டும் என்பது எட்டாம் வகுப்பிலிருந்தே ஆசை. அப்பா, ‘பக்கத்து ஊர்க் கல்லூரியில் பி.ஏ. ஆங்கிலம் படி, அப்புறம் மூன்று வருட லா பார்த்துக்கலாம்’ என்கிறார். எங்கள் டீச்சர் ஐந்து வருட பி.ஏ., எல்.எல்.பி.தான் நல்லது என்கிறார். ஆனால் அதில் முதல் இரண்டு வருடம் பெரும்பாலும் வரலாறு, அரசியல், சமூகவியல் என்றுதான் போகுமாம். அது வீண்தானே?
பிளஸ் டூ மாணவி, தென்காசி மாவட்டம்

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். பி.ஏ. மூன்று வருடம், அதற்கு மேல் எல்.எல்.பி. மூன்று வருடம், ஆக ஆறு. ஒருங்கிணைந்த படிப்பு ஐந்து. ஒரு வருடம் மிச்சம். வக்கீலாகப் பதிவு செய்யும்போது இரண்டுக்கும் ஒரே மதிப்புதான், எந்த வழியில் வந்தாய் என்று எந்த நீதிபதியும் கேட்கப் போவதில்லை. நம் மாநில அரசு சட்டக் கல்லூரிகளில் ஐந்து வருடப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு கிடையாது, தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துக் கவுன்சலிங் நடத்துகிறது. சட்டக் கல்விக்கும் வக்கீல் பதிவுக்கும் விதி வகுக்கும் பார் கவுன்சிலின் விதிப்படி பொதுப்பிரிவுக்கு 45 சதவீதமும் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு 40 சதவீதமும் இருந்தால் விண்ணப்பிக்கலாம். ஆனால் அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்க அதைவிட நிறையவே வேண்டியிருக்கும் என்பதை மனதில் வையுங்கள். உங்கள் ஊருக்குப் பக்கம் திருநெல்வேலியிலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. நீங்கள் அரசுப் பள்ளி மாணவி என்றால் 2021இல் வந்த 7.5 சதவீத உள்ஒதுக்கீடு சட்டப் படிப்புக்கும் உண்டு, அதைக் கேட்டு வாங்குங்கள்.

அப்பா சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது, அதை அவருக்காக நான் சொல்லிவிடுகிறேன். ஐந்து வருடப் படிப்பில் பாதியில் இறங்க முடியாது. மூன்று வருடம் முடித்துவிட்டு ‘எனக்குச் சட்டம் ஒத்துவரவில்லை, பி.ஏ. பட்டத்தையாவது கொடுங்கள்’ என்றால் தர மாட்டார்கள், பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகளில் அது தெளிவாகவே இருக்கிறது. ஆகவே சட்டம்தான் என்று உறுதி இல்லாத பிள்ளைகளுக்கு முதலில் பி.ஏ. என்பது பாதுகாப்பான வழி. நீங்கள் எட்டாம் வகுப்பிலிருந்து ஒரே ஆசையோடு இருக்கிறீர்கள், நீங்கள் ஐந்து வருடத்துக்கே போகலாம்.

இனி அந்த ‘வீண்’ என்ற சொல்லுக்கு வருகிறேன். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்காது. முதல் வருடத்திலேயே ஒன்றிரண்டு சட்டத் தாள்கள் கூடவே வந்துவிடும், அது கல்லூரிக்குக் கல்லூரி கொஞ்சம் மாறும், அதைவிடுங்கள். அந்த வரலாறும் அரசியலும் சமூகவியலும்தான் பிறகு வரும் சட்டத்தைப் புரிய வைக்கின்றன. ஒரே ஒரு உதாரணம் சொல்கிறேன். இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ என்று ஒரு பிரிவு, தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம். புரோகிதர் இல்லாமல், உறவினர் நண்பர்கள் முன்னிலையில், மாலை மாற்றிக்கொண்டோ மோதிரம் மாற்றிக்கொண்டோ தாலி கட்டியோ செய்யும் திருமணம் செல்லும் என்கிறது. மனப்பாடம் செய்ய ஐந்து நிமிடம் போதும். ஆனால் அந்தப் பிரிவு ஏன் வந்தது? சுயமரியாதை இயக்கம் பல ஆண்டுகளாக அப்படித் திருமணங்களை நடத்தி வந்தது. 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் அப்படி நடந்த திருமணம் சட்டப்படி செல்லாது என்று சொல்லிவிட்டது. யோசித்துப் பாருங்கள், அன்றைக்கு எத்தனை பெண்கள் சட்டத்தின் கண்ணில் மனைவி இல்லாமல் போனார்கள், எத்தனை பிள்ளைகளின் சொத்துரிமை கேள்விக்குறி ஆனது. 1967இல் அண்ணா முதலமைச்சரானதும் சட்டமன்றத்தில் இந்தத் திருத்தத்தைக் கொண்டுவந்தார், அதற்கு முன் நடந்த திருமணங்களும் செல்லும் என்று சேர்த்தே எழுதினார்கள். 2023இல் உச்ச நீதிமன்றம்கூட இந்தப் பிரிவை விளக்கி, இப்படிப்பட்ட திருமணத்தை ஊரறிய நடத்த வேண்டிய கட்டாயம் இல்லை என்றது. வீட்டை எதிர்த்துத் திருமணம் செய்துகொண்டு உயிருக்குப் பயந்து ஓடிவரும் ஒரு ஜோடி நாளை உங்கள் எதிரில் வந்து உட்காரும்போது, இந்த வரலாறு தெரிந்த வக்கீல் பேசுவதும் பிரிவு எண் மட்டும் தெரிந்த வக்கீல் பேசுவதும் ஒன்றாக இருக்காது.

என் மகன் உயிரியல், கணிதம் படித்தவன். நீட் எழுதினான், கிடைக்கவில்லை. இப்போது சட்டம் படிக்கிறேன் என்கிறான். வரலாறே படிக்காதவன் பி.ஏ., எல்.எல்.பி. சேர முடியுமா? சேர்ந்தாலும் தாக்குப்பிடிப்பானா?
தந்தை ஒருவர், சேலம்

தாராளமாகச் சேரலாம், எந்த குரூப்பாக இருந்தாலும் தடை இல்லை. உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி பாத்திமா பீவி வேதியியல் பட்டதாரி. திருவனந்தபுரத்தில் பி.எஸ்சி. முடித்துவிட்டுத்தான் சட்டத்துக்கு வந்தார், 1989இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார், பிறகு நம் மாநில ஆளுநராகவும் இருந்தார். அறிவியல் படித்த பிள்ளைகளுக்கு ஒரு விஷயத்தைப் படிப்படியாகப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் இருக்கும், பிரேதப் பரிசோதனை அறிக்கையைப் பார்த்து மிரள மாட்டார்கள். பக்கம் பக்கமாக வாசிப்பதும், வாசித்ததைச் சொந்த வாக்கியத்தில் எழுதுவதும்தான் அவர்களுக்குக் கொஞ்ச நாள் சிரமமாக இருக்கும். கல்லூரி திறக்கும் முன் இருக்கும் இந்த இரண்டு மாதத்தில் தினமும் ஒரு செய்தித்தாள் தலையங்கத்தை வாசித்து, அதில் சொன்னதைப் பத்து வரியில் அவனை எழுதச் சொல்லுங்கள். ‘நீட் கிடைக்காததால் சட்டம்’ என்று வீட்டில் யாரும் பேச வேண்டாம், அந்த வார்த்தை அவனோடு ஐந்து வருடம் கூடவே நடக்கும்.

நான் பி.ஏ., எல்.எல்.பி. இரண்டாம் வருடம். உண்மையைச் சொன்னால் சமூகவியல், பொருளியல் வகுப்பில் தூக்கம்தான் வருகிறது. பரீட்சைக்கு முதல் நாள் ஜெராக்ஸ் கடையில் நோட்ஸ் வாங்கிப் படித்து பாஸ் ஆகிவிடுகிறோம். சீனியர்கள், ‘அதெல்லாம் கோர்ட்டில் உதவாது, கிரிமினல் லா வரட்டும்’ என்கிறார்கள். சரிதானா மேடம்?
சட்ட மாணவர், விழுப்புரம் மாவட்டம்

சரி இல்லை தம்பி. என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்கிறேன், பிறகு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

நான் ஜூனியராக இருந்த காலம். கீழ்க்கோர்ட்டில் சாட்சியம் தமிழில் பதிவாகும், மேல்முறையீடு உயர் நீதிமன்றத்துக்குப் போகும்போது அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, டைப் செய்த தொகுப்பாக, அதாவது டைப் செட்டாகக் கொடுக்க வேண்டும். அந்த வேலை எப்போதும் ஜூனியர் தலையில்தான் விழும். ஒரு சொத்து வழக்கு. பிள்ளை குட்டி இல்லாத, மனைவியும் முன்னாலேயே போய்ச் சேர்ந்த ஒருவர் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். அவர் சொத்துக்கு உரிமை கோரி வந்தவரைப் பற்றி ஊர்க்காரர் ஒருவர் சாட்சிக் கூண்டில் சொன்னார், ‘செத்தவருக்கு இவரு மாமா முறை வேணும், அவங்க அத்தையைக் கட்டினவரு.’ ராத்திரி பதினொரு மணிக்கு நான் அதை ஆங்கிலத்தில் ‘அங்கிள்’ என்று போட்டேன். அத்தையைக் கட்டினவர் என்ற பாதி, உறவை விளக்குவதற்காகச் சொன்னதுதானே என்று நினைத்து விட்டுவிட்டேன்.

விசாரணை நாளில் நீதிபதி அந்த வரியில் பென்சிலை வைத்துக்கொண்டு கேட்டார், ‘எந்த அங்கிள்?’ சீனியர் திரும்பி என்னைப் பார்த்தார். எனக்கு வாய் வரவில்லை.

ஏன் அந்தக் கேள்வி? இந்து வாரிசுரிமைச் சட்டத்தில், முதல் வகுப்பு வாரிசு யாரும் இல்லாத ஆணின் சொத்து இரண்டாம் வகுப்புக்குப் போகும், அதில் வரிசை வரிசையாக உறவுகள் இருக்கும். பெரியப்பா, சித்தப்பா ஏழாம் வரிசை. தாய்மாமன் ஒன்பதாம் வரிசை. இவர்கள் எல்லோரும் ஆங்கிலத்தில் ‘அங்கிள்’. அத்தையும் ஏழாம் வரிசையில் வருவாள், ஆனால் அத்தையின் கணவர், நாம் வாய் நிறைய மாமா என்று கூப்பிடுகிறோமே, அவர் இந்தப் பட்டியலிலேயே கிடையாது. மாமனாரும் கிடையாது. தமிழில் ஒரு ‘மாமா’வுக்குள் மூன்று பேர், ஆங்கிலத்தில் ஒரு ‘அங்கிளு’க்குள் இன்னும் இரண்டு பேர். சொத்து யாருக்கு என்பதே அந்த ஒரு சொல்லில் நின்றது. அன்றைக்கு அசல் சாட்சியத்தைத் தேடி எடுத்து, வாய்தா வாங்கி, திருத்திய மொழிபெயர்ப்பைத் தாக்கல் செய்தோம். இரண்டாம் வருட சமூகவியலில் உறவுமுறை அமைப்பு என்று ஒரு பாடம் எனக்கும் இருந்தது. நானும் ஜெராக்ஸ் நோட்ஸில்தான் படித்தேன்.

அதே பாடம் திருமணச் சட்டத்தில் இன்னொரு முறை வந்து நிற்கும். இந்து திருமணச் சட்டம் தடை செய்யப்பட்ட உறவுகள் என்று ஒரு பட்டியல் போடுகிறது. தாய்மாமனும் அக்கா மகளும் அதில் வருகிறார்கள், அத்தை மகனும் மாமன் மகளும் வருகிறார்கள். அப்படியானால் நம் ஊரில் காலங்காலமாக நடக்கும் இத்தனை கல்யாணமும் செல்லாதா? செல்லும், ஏனென்றால் இரு தரப்பின் வழக்காறும் அனுமதித்தால் தடை இல்லை என்று 5ஆம் பிரிவில் விலக்கு இருக்கிறது. சரி, வழக்காறு என்று நீதிமன்றத்தில் எப்படி நிரூபிப்பீர்கள்? நீண்ட காலமாக, விடாமல், ஒரே மாதிரி கடைப்பிடிக்கப்பட்டது என்று காட்ட வேண்டும். எந்தச் சமூகத்தில், எந்த வட்டாரத்தில், யார் சாட்சி என்று தேடிப் போக வேண்டும். அந்த இடத்தில் நீங்கள் செய்வது முழுக்க ஒரு சமூகவியல் மாணவனின் வேலை.

பொருளியலும் அப்படித்தான். மாவட்ட நீதிமன்றத்தில் ஒரு புது வக்கீலுக்குச் சோறு போடும் வழக்குகளில் முக்கியமானது மோட்டார் விபத்து இழப்பீடு. இறந்தவரின் வருமானத்தில் அவர் சொந்தச் செலவைக் கழித்து, வயதுக்கேற்ற ஓர் எண்ணால் பெருக்குவார்கள். 2009இல் உச்ச நீதிமன்றம் சரளா வர்மா வழக்கில் அந்த எண்களை ஒழுங்குபடுத்திக் கொடுத்தது, 26 முதல் 30 வயது வரை 17, 36 முதல் 40 வரை 15 என்று வயது ஏற ஏறக் குறையும். ஏன் அந்த எண், ஏன் குறைகிறது என்று கேட்டால் எதிர்கால வருமானத்துக்கு இன்றைய மதிப்பு என்ன என்ற பொருளியல் கேள்வியில்தான் போய் முடியும். இறந்தது வீட்டில் இருந்த பெண் என்றால்? வருமானம் பூஜ்யம் என்று இன்சூரன்ஸ் தரப்பு சொல்லும். அவள் விடியற்காலை நாலரைக்கு எழுந்து செய்த அத்தனை வேலைக்கும் மதிப்புப் போட வேண்டும் என்று 2021இல் உச்ச நீதிமன்றம் கீர்த்தி வழக்கில் விரிவாகவே பேசியிருக்கிறது. சம்பளமில்லாத உழைப்பு என்ற கருத்து உங்கள் பொருளியல் தாளில்தான் முதலில் வரும். தயவுசெய்து அந்த வகுப்பில் தூங்காதீர்கள்.

எப்படிப் படிப்பது என்று கேட்டால், ஒவ்வொரு கலைப் பாடத்துக்கும் பக்கத்தில் ஒரு தீர்ப்பை வைத்துப் படியுங்கள். இடஒதுக்கீடு பற்றி அரசியல் பாடம் நடக்கும் வாரத்தில் 1951ஆம் ஆண்டு சண்பகம் துரைராஜன் தீர்ப்பை எடுத்து வாசியுங்கள். சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணை அதில் ரத்தானது, அதே வருடம் இடஒதுக்கீட்டுக்கு வழிவிட்டு அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தம் வந்தது. இதை ஒன்றாகப் படித்தால் நோட்ஸே வேண்டாம், மறக்காது.

கிளாட் எழுதி தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்துக்குப் போனால்தான் எதிர்காலமா? கோச்சிங் கட்டணமே கண்ணைக் கட்டுகிறது.
தாய் ஒருவர், ஓசூர்

இல்லைம்மா. திருச்சியில் உள்ள தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகம், பெங்களூரில் 1980களில் தொடங்கி மற்ற எல்லாவற்றுக்கும் வழிகாட்டிய தேசியச் சட்டப் பள்ளி எல்லாம் நல்ல இடங்கள்தான். நல்ல நூலகம், நாடு முழுவதிலுமிருந்து வரும் நண்பர்கள், பெரிய நிறுவனங்கள் ஆள் எடுக்க வருவது என்று அங்கே கிடைப்பது நிறைய. அதற்குக் கட்டணமும் வருடத்துக்கு லட்சங்களில் போகும். கிளாட் 120 கேள்வி, 2 மணி நேரம், முழுக்க ஆங்கிலம், தவறான விடைக்குக் கால் மதிப்பெண் போகும். எல்லாமே பத்தியை வாசித்து விடை சொல்லும் கேள்விகள். அதனால் ஆங்கிலம் வேகமாக வாசிக்கிற பிள்ளை கோச்சிங் இல்லாமலும் எழுதிப் பார்க்கலாம், பழைய வினாத்தாள்களே பாதி வேலையைச் செய்துவிடும். கிடைக்கவில்லையா, அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது, சில ஆயிரங்களில் முடியும் படிப்பு. உங்கள் பிள்ளை ஓசூரிலோ கிருஷ்ணகிரியிலோ வழக்காட விரும்பினால், அந்த மாவட்டத்து பார், அதாவது வக்கீல்கள் வட்டம் முழுக்க அவர் கூடப் படித்தவர்களாக இருப்பது பெரிய பலம். கடன் வாங்கிக் கோச்சிங் சேர்க்காதீர்கள்.

நான் தமிழ் வழியில் படித்தவள். பத்தாம் வகுப்பு வரை ஆங்கிலத்தில் ஒரு பாராகூட சொந்தமாக எழுதியதில்லை. சட்டப் புத்தகத்தைத் திறந்தாலே பயமாக இருக்கிறது. தமிழ் நன்றாக எழுதுவேன், கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கியிருக்கிறேன். அது எதற்காவது பயன்படுமா?
முதலாம் ஆண்டு மாணவி, சிவகங்கை மாவட்டம்

பயன்படும் தங்கச்சி, நீங்கள் நினைப்பதைவிட அதிகமாகவே பயன்படும். மேலே மாமா கதையைப் படித்தீர்கள் அல்லவா? கீழமை நீதிமன்றத்தில் கட்சிக்காரர் தமிழில் அழுகிறார், சாட்சி தமிழில் சொல்கிறார், பத்திரம் தமிழில் இருக்கிறது. ஒரு பழைய கிரயப் பத்திரத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். பழுப்பேறிய முத்திரைத்தாள், மடித்த இடமெல்லாம் நைந்து, பிரித்தால் கிழிந்துவிடும் என்று பயந்து பயந்துதான் பிரிக்க வேண்டும். உள்ளே முற்றுப்புள்ளியே இல்லாமல் இரண்டு பக்கத்துக்கு ஒரே வாக்கியம் ஓடும். ‘இதற்கு மால்’, ‘நாளது தேதியில்’, ‘சர்வ சுதந்திர பாத்தியமாய்’, ‘புத்திர பௌத்திர பாரம்பரியமாய்’ என்று வரும். சொத்துக்கு எல்லை என்ன, எந்தச் சொல்லோடு விற்றவரின் உரிமை முடிகிறது, எங்கே அவர் எதையோ தனக்கு வைத்துக்கொள்கிறார் என்று அந்த வாக்கியத்தைப் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கியவருக்கு அது கைவரும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். நம் மாநில சிவில் நீதிபதி பதவிக்கான முதன்மைத் தேர்வில் மொழிபெயர்ப்புக்கென்றே தனியாக ஒரு தாள் இருக்கிறது. சாட்சியம், ஆவணம் போன்றவற்றைத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் மாற்ற வேண்டும். ஆங்கிலத்தில் மட்டும் வளர்ந்த பிள்ளைகள் அங்கே திணறுவார்கள்.

அதற்காக ஆங்கிலத்தை விட்டுவிடலாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உயர் நீதிமன்ற மொழி ஆங்கிலம், தீர்ப்புகள் ஆங்கிலம். நான் செய்த வழியைச் சொல்கிறேன். கைடு புத்தகத்தைத் தள்ளி வைத்துவிட்டு ஒரு பேர் ஆக்ட், அதாவது சட்டத்தின் மூல வாசகம் மட்டும் உள்ள புத்தகம் வாங்குங்கள், முதலில் ஒப்பந்தச் சட்டம், அதன் வாக்கியங்கள் சின்னவை. 1872இல் எழுதியது, பல பிரிவுகளுக்குக் கீழே சின்னச் சின்ன உதாரணக் கதைகள் இருக்கும், ஏ என்பவர் பி என்பவருக்குக் குதிரை விற்றார் என்கிற மாதிரி. தினமும் ஒரு பிரிவை நோட்டின் இடது பக்கம் ஆங்கிலத்தில் எழுதுங்கள், வலது பக்கம் உங்கள் தமிழில் எழுதுங்கள், மறுநாள் இடது பக்கத்தை மூடிவிட்டு தமிழைப் பார்த்து ஆங்கிலத்தை எழுதிப் பாருங்கள். ஒரு வருடம் விடாமல் செய்தால் ஆங்கில வாக்கியம் கைக்கு வந்துவிடும், அதோடு ஒப்பந்தச் சட்டமும் வந்திருக்கும். கிரிமினல் சட்டங்களுக்கு வாங்கும்போது மட்டும் கவனம், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா உள்ளிட்ட புதிய சட்டங்கள் நடைமுறைக்கு வந்துவிட்டன, பழைய புத்தகக் கடையில் பழைய ஐ.பி.சி.யை வாங்கி அதை மட்டும் படித்துக்கொண்டிருக்காதீர்கள்.

எனக்கு 38 வயது. பத்தாம் வகுப்புக்குப் பிறகு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாக பி.ஏ. வரலாறு முடித்தேன். மூன்று வருட எல்.எல்.பி. சேரலாமா?
வாசகி, நாகர்கோவில்

இதில் உங்களை ஏமாற்ற எனக்கு மனம் வரவில்லை. பிளஸ் டூ படிக்காமல் நேரடியாகத் திறந்தநிலையில் வாங்கிய பட்டத்தை வைத்துச் சட்டம் சேர பார் கவுன்சில் விதி இடம் தரவில்லை. எங்கோ ஓரிடத்தில் பணம் வாங்கிக்கொண்டு சேர்த்துக்கொண்டாலும் பதிவு செய்யும்போது நின்றுவிடும், மூன்று வருடமும் பணமும் போகும். தபால் வழியில் எல்.எல்.பி. என்று விளம்பரம் பார்த்தாலும் அதை வைத்து வக்கீலாகப் பதிவு செய்ய முடியாது. முறையாகப் பிளஸ் டூ எழுதி, அதன் பிறகு ஒரு பட்டம் என்று வந்தால்தான் வழி. நீண்ட வழி, ஆனால் உங்களுக்கு முன்னால் அந்த வழியில் வந்தவர்களை நான் பாரில் பார்த்திருக்கிறேன்.

சட்டம் படித்துக்கொண்டே எம்.ஏ., அல்லது இன்னொரு பி.ஏ. வரலாறு படிக்க முடியுமா? எனக்கு வரலாறு மேல் பைத்தியம்.
மூன்றாம் ஆண்டு மாணவர், தஞ்சாவூர்

எல்.எல்.பி.யோடு இன்னொரு முழுநேரப் படிப்புக்கு பார் கவுன்சில் அனுமதி இல்லை. தொலைநிலைப் படிப்புக்கு விதியில் விலக்கு இருக்கிறது, இருந்தாலும் கல்லூரி முதல்வரிடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொண்டு சேருங்கள். எம்.ஏ.வுக்குப் பி.ஏ. கையில் இருக்க வேண்டும், ஐந்து வருடம் முடியாமல் அது உங்களுக்குக் கிடையாது.

அதுவரைக்கும் அந்தப் பைத்தியத்தை விட்டுவிடாதீர்கள். பஞ்சமி நிலத்தை எடுத்துக்கொண்டு படியுங்கள். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரமென்ஹீர் ஒடுக்கப்பட்ட மக்களின் நிலைமை பற்றி எழுதிய அறிக்கையின் மேல் 1892இல் அரசு அவர்களுக்கு நிலம் ஒதுக்க உத்தரவு போட்டது. 10 வருடம் விற்கக் கூடாது, அதன் பிறகும் அதே மக்களுக்குள்தான் கைமாறலாம் என்று நிபந்தனை. இன்றைக்கும் ஒரு நிலத்துக்கு வில்லங்கச் சான்றிதழ் சுத்தமாக இருக்கும், பட்டா இருக்கும், பேங்க் லோனும் கிடைத்திருக்கும், பழைய பதிவேட்டில் மட்டும் அந்த நிபந்தனை நிலம் என்ற குறிப்பு உட்கார்ந்திருக்கும். முப்பது வருட வில்லங்கம் பார்த்தால் போதும் என்று நினைக்கிற வக்கீல் அதைத் தவறவிடுவார். 1892 என்ற ஆண்டு தெரிந்த நீங்கள் அந்தப் பதிவேட்டைக் கேட்டு வாங்குவீர்கள். வரலாறும் சட்டமும் சேர்ந்து யாருக்குப் பயன்பட வேண்டுமோ, அந்தக் குடும்பத்துக்கு அன்றைக்குப் பயன்படும். அம்பேத்கர் கொலம்பியாவிலும் லண்டனிலும் பொருளியல் படித்தவர், கூடவே பாரிஸ்டர். அரசியல் சட்ட வரைவுக் குழுத் தலைவராக அவர் பேசியதை அரசியல் நிர்ணய சபை விவாதங்களில் எடுத்து வாசியுங்கள், ஒரு பிரிவைப் பேசும்போது அவர் எத்தனை துறைகளைத் துணைக்கு அழைக்கிறார் என்று தெரியும்.

கடைசி வருடம் படிக்கிறேன். எங்கள் குடும்பத்தில் வக்கீல் யாரும் இல்லை. அப்பா நெசவுத் தொழிலாளி. படிப்பு முடித்ததும் நீதிபதி தேர்வு எழுதிவிடலாம் என்றிருந்தேன், இப்போது அதற்கும் அனுபவம் கேட்கிறார்களாமே? சீனியர் கிடைப்பாரா, அதுவரை சாப்பாட்டுக்கு என்ன செய்வது?
மாணவி, திருவண்ணாமலை மாவட்டம்

ஆமாம்மா, 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், சிவில் நீதிபதி தேர்வுக்கு மூன்று ஆண்டு வழக்காடிய அனுபவம் வேண்டும் என்று மறுபடி கொண்டுவந்துவிட்டது. உங்களைப் போன்ற வீட்டுப் பிள்ளைகளுக்கு இது பாரம் என்று எனக்குத் தெரியும், அந்த மூன்று வருடத்தை எதைச் சாப்பிட்டு ஓட்டுவது என்ற கேள்விக்கு யாராவது பதில் சொல்ல வேண்டும் என்பதுதான் என் கருத்தும். சின்ன ஆறுதல்கள் சில உண்டு. பதிவுக் கட்டணமாக ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டிருந்ததை 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. சட்டத்தில் உள்ளபடி பொதுப்பிரிவுக்கு 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய், அதற்கு மேல் பதிவுக் கட்டணம் என்று கேட்டால் கொடுக்காதீர்கள். அதே 2024இல் சென்னை உயர் நீதிமன்றம், ஜூனியர்களுக்கு மாதம் சென்னை, மதுரை, கோவையில் குறைந்தது 20,000, மற்ற ஊர்களில் 15,000 கொடுக்க வேண்டும் என்றது. எல்லா அலுவலகத்திலும் அது நடக்கிறதா என்றால், இல்லை. ஆனால் கேட்பதற்கு இப்போது உங்களிடம் ஒரு எண் இருக்கிறது, சேரும் நாளிலேயே கூச்சப்படாமல் கேளுங்கள். வக்கீலாகத் தொழில் செய்யத் தேர வேண்டிய அகில இந்திய பார் தேர்வை நினைத்துப் பயப்பட வேண்டாம், தமிழிலும் எழுதலாம், பேர் ஆக்ட் உள்ளே கொண்டுபோகலாம்.

சீனியரைத் தேடுவதற்கு ஒரு வழி சொல்கிறேன். யாரிடமும் சிபாரிசு கேட்க வேண்டாம். உங்கள் மாவட்ட நீதிமன்றத்தில் ஒரு மாதம், வாரத்துக்கு இரண்டு நாள், கடைசி பெஞ்சில் போய் உட்காருங்கள். யார் குறுக்கு விசாரணையில் சாட்சியை மிரட்டாமல் கேட்கிறார், யாருடைய வழக்குக் கட்டு ஒழுங்காகக் கட்டி, பக்கங்களுக்கு அடையாளச் சீட்டு ஒட்டி இருக்கிறது, யார் தன் ஜூனியரை எல்லோர் முன்னாலும் திட்டுவதில்லை என்று பாருங்கள். அப்படி ஒருவர் கண்ணில் பட்டால், அவர் வாதாடிய ஒரு வழக்கைப் பற்றி ஒரு பக்கம் எழுதி எடுத்துக்கொண்டு சாயந்திரம் அவர் அலுவலகத்துக்குப் போங்கள். நெசவாளர் வீட்டுப் பெண் என்பதையும் சொல்லுங்கள். பட்டு ஜரிகைத் தகராறு, கூலி பாக்கி, கூட்டுறவுச் சங்க வழக்கு என்று உங்கள் மாவட்டத்தில் எத்தனையோ இருக்கிறது. தறியைப் பற்றித் தெரிந்த ஜூனியர் அந்த மேஜைக்குத் தேவை.